நடப்பு வட்டி முதல் முதன்மை வீதம் வரை: இலங்கையின் அடிப்படை வட்டி வீதங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வங்கியிற் கடன் பெறச் செல்லும் ஒருவருக்குக் கூறப்படும் வட்டி வீதம் பெரும்பாலும் இரு பகுதிகளைக் கொண்டதாகும். ஒன்று, பணச் சந்தையில் நிலவும் அடிப்படை வீதம். மற்றையது, கடனாளியின் தரத்தையும் அவர் காட்டும் பிணையையும் நோக்கி அதன்மேற் சேர்க்கப்படும் மேலதிக வீதம். 'சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன் வழங்கல் வீதம், அதனோடு இரண்டு வீதம்' என்று உடன்படிக்கையில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு கையொப்பமிடுவோர் பலர். அவ்வடிப்படை வீதத்தை வகுப்போர் யாவர், எவ்விடத்திருந்து வகுக்கின்றனர், அதனால் நன்மையடைவோர் யாவர் என்னும் வினாக்களை எழுப்புவோரோ சிலர்.

இவ்வினாக்கள் புதியனவல்ல. இன்றைய வங்கிகள் இத்தீவில் வேரூன்று முன்னரே, தமிழ் வணிகர் சிலர் தமக்குள் ஓர் அடிப்படை வட்டி வீதத்தை வகுத்து, அதன்மேல் ஒரு பெருங் கடன் அமைப்பையே கட்டி எழுப்பியிருந்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'நடப்பு வட்டி' என்பதாகும். அந்நடப்பு வட்டியிலிருந்து மத்திய வங்கியின் வீதங்கள் வரை அடிப்படை வட்டி வளர்ந்து வந்த வழியை நோக்குவதும், அவ்வளர்ச்சியில் மாறியது யாது, மாறாதது யாது எனக் காண்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒற்றியும் வட்டியும்

வட்டி என்பது எப்பொழுதும் நூற்றுக்கு இத்தனை என்னும் எண்ணாகவே விளங்கியதன்று. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் 'ஒற்றி' என்னும் முறை இடம்பெறுகின்றது. பணம் கொடுத்தவர் நிலத்தைத் தம் கைக்கொண்டு, பணம் திருப்பப்படும்வரை அதன் விளைவை வட்டிக்கு ஈடாக அனுபவிப்பார். அங்கே வட்டி வீதம் என ஒன்று தனியே இல்லை. மழை பெய்து நெல் விளைந்த ஆண்டில் வட்டி கூடுதலாகவும், வானம் பொய்த்த ஆண்டிற் குறைவாகவும் அமையும். ஆபத்தின் ஒரு பகுதியைக் கடன் கொடுத்தவரே சுமந்தார்.

பணப் பயிர்களும் ஏற்றுமதி வணிகமும் பெருகிய 19 ஆம் நூற்றாண்டில் இம்முறை போதியதாகவில்லை. கோப்பித் தோட்டங்களுக்குப் பின் தேயிலையும் தெங்கும் இறப்பரும் பரவின. அரிசியும் துணியும் கப்பலேறி வந்தன. ஒருவர் இன்று பெற்ற பணத்தை மூன்று மாதத்திலோ ஓராண்டிலோ திருப்ப வேண்டிய சூழலில், வட்டியைக் காலத்தோடும் எண்ணோடும் பிணைத்தல் இன்றியமையாததாயிற்று.

அக்காலத்திற் கொழும்பில் இயங்கிய பிரித்தானிய வங்கிகள் தோட்டத்துரைமாரையும் ஏற்றுமதி இறக்குமதி நிறுவனங்களையுமே தம் வாடிக்கையாளராகக் கொண்டன. கோப்பிச் செடியைப் பற்றிய இலைநோயினால் தோட்டங்கள் அழிந்ததன் விளைவாக 1884 மே மாதத்தில் ஒறியன்ரல் வங்கிக் கூட்டுத்தாபனம் முறிந்தபோது, அதன் நாணயத் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பேற்க நேர்ந்தது. அதன் பின்னரும் எஞ்சிய வங்கிகள் உள்ளூர் மக்களை நேரடியாக நாடவில்லை. உள்ளூர்க் கமக்காரனின் நிலத்தின் பெறுமதியையோ, சிறு கடைக்காரனின் நாணயத்தையோ அளக்கும் வழி அவற்றிடம் இருக்கவில்லை. இவ்விடைவெளியை நிரப்பியோரே நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்.

செட்டியார் தெரு

பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியிலேயே செட்டிநாட்டிலிருந்து இங்கு வந்த இவர்கள் கொழும்பிற் கடல் வீதியைத் தம் இருப்பிடமாகக் கொண்டனர். தமிழ் மக்கள் அதனைச் செட்டியார் தெரு என்றே இன்றும் வழங்குகின்றனர். அத்தெருவின் கதிரேசன் கோயில்களும், ஆடியில் அங்கிருந்து புறப்படும் வேல் விழாவும் அவர்கள் விட்டுச் சென்ற அடையாளங்களாம்.

அவர்களது தொழில் நுணுக்கமான அமைப்பினை உடையதாயிருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் முதலெழுத்துக்களாலான ஒரு 'விலாசத்தால்' அறியப்பட்டது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவர் அனுப்பிய முகவர் மூன்றாண்டளவு இங்கிருந்து தொழில் நடத்திக் கணக்கை ஒப்புவித்து மீள்வார். நாட்குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்பன ஒழுங்காக எழுதப்பட்டன. இலாபத்தில் ஒரு பகுதி மகமையாகக் கோயிலுக்குச் சென்றது.

இவர்களது மூலதனம் மூன்று வழிகளிற் கிடைத்தது. முதலாவது, சொந்தப் பணம். இரண்டாவது, தம் இனத்தாரிடமும் பிறரிடமும் பெற்ற வைப்புக்கள். மூன்றாவது, பிரித்தானிய வங்கிகளிற் பெற்ற கடன். இவ்வங்கிகள் ஒவ்வொன்றிலும் 'சராப்பு' எனப்பட்ட ஓர் இடைநிலையாளர் இருந்தார். எந்தச் செட்டியாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் எனக் கூறி, அக்கடனுக்கு உத்தரவாதமும் அளிப்பவர் அவரே. வங்கி அறியாத மனிதரைச் சராப்பு அறிவார். சராப்பு அறியாத கிராமத்தைச் செட்டியார் அறிவார். இவ்வாறு இலண்டனிலும் பம்பாயிலும் திரண்ட பணம் படிப்படியாக இறங்கி, குருநாகற் பகுதியின் தென்னந்தோட்டம் வரை சென்றது. படிதோறும் வட்டியும் சிறிது ஏறியது.

நடப்பு வட்டி

செட்டியார் நிறுவனங்கள் தமக்குள் ஓயாது பணம் கொடுத்தும் வாங்கியும் வந்தன. இன்று கையிற் பணம் மிகுந்தவர் நாளை பணமின்றி நிற்கலாம். ஒவ்வொரு தடவையும் வட்டியைப் பேரம் பேசுவது இயலாது. ஆகவே அவர்கள் ஒன்றுகூடி, அம்மாதத்திற்குரிய பொது வட்டியைத் தீர்மானித்தனர். கேட்டவுடன் திருப்பிக் கொடுக்க வேண்டிய நடப்புக் கணக்குகளுக்குரியதாகையால் அது நடப்பு வட்டி எனப் பெயர் பெற்றது. குறிப்பிட்ட மாதங்களுக்கு வைக்கப்பட்ட பணத்திற்குரிய 'தவணை வட்டி' அதனை அளவுகோலாகக் கொண்டு சற்று உயர்வாக அமைந்தது.

இரங்கூன் மாநகரில் மொகல் வீதியிலிருந்த செட்டியார் கோயிலில் இக்கூட்டம் மாதந்தோறும் நிகழ்ந்தது. 1929-30 ஆம் ஆண்டுகளில் அமைந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளது. செட்டியார்களின் தொழில் இந்தியா, இலங்கை, பர்மா, மலாயா எனக் கடல் கடந்து ஒரே வலையாகப் பின்னப்பட்டிருந்தமையால், ஓரிடத்துப் பணநிலை மற்றோரிடத்தைத் தாக்கிற்று. பர்மாவில் நெல் அறுவடைக் காலத்தில் பணத்திற்குக் கேள்வி மிகுந்தால் வட்டி ஏறும். நெல் விற்றுப் பணம் திரும்பியதும் இறங்கும். கொழும்புச் செட்டியார்களும் தமக்குள் நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல்களில் நடப்பு வட்டிக் கணக்கையே கையாண்டனர்.

இவ்வட்டி ஆண்டு வீதமாகவன்றி, நூறு ரூபாவுக்கு மாதம் இவ்வளவு எனக் கூறப்பட்டது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபா எனின் அது ஆண்டுக்கு 12 வீதமாகும். நூற்றுக்கு 75 சதம் எனின் ஆண்டுக்கு 9 வீதமாகும். நம் கிராமங்களில் 'இரண்டு வட்டி', 'மூன்று வட்டி' என்று இன்றும் பேசுவோர் இப்பழைய மாதக் கணக்கையே தொடர்கின்றனர் என்பதும், மூன்று வட்டி என்பது ஆண்டுக்கு 36 வீதமாகும் என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கன.

நடப்பு வட்டியின் சிறப்பு யாதெனின், அதனை வகுத்த அவையில் கடன் கொடுப்போரும் கடன் பெறுவோரும் ஒருங்கே அமர்ந்திருந்தமையேயாம். இம்மாதம் கொடுப்பவராயிருந்தவர் அடுத்த மாதம் பெறுபவராகலாம். வட்டியை மிக உயர்த்தினால் அது தமக்கே வினையாகும். மிகத் தாழ்த்தினால் வைப்புக்கள் வெளியேறும். அன்றியும், வகுத்த வட்டியே ஒவ்வொருவரது பேரேட்டிலும் ஏறியது. ஆகவே அவ்வீதம் வெறும் அபிப்பிராயமன்று. சொன்னவரையே கட்டுப்படுத்திய சொல்லாகும்.

ஆயின் அவ்வவையில் இடம்பெறாத ஒருவர் இருந்தார். தென்னந்தோட்டத்தை ஈடுவைத்தவரும், உறுதிச் சீட்டு எழுதிக் கொடுத்த கடைக்காரருமே அவர். நடப்பு வட்டி நூற்றுக்கு 75 சதம் என்றும், கிராமத்துக் கடனாளி செலுத்துவது நூற்றுக்கு ஒன்றரை ரூபா என்றும் கொள்வோம். அவர் ஆண்டுக்குச் செலுத்தும் 18 வீதத்தில் 9 வீதமே அவையில் வகுக்கப்பட்டது. மற்றைய 9 வீதம் செட்டியாரும் அவரும் தனித்திருந்து பேசியது. அப்பேச்சில் ஒருவர் கையிற் பணமும் மற்றவர் கையிற் தேவையும் இருந்தன. அடிப்படை வீதம் நேர்மையாக வகுக்கப்பட்டதென்பதனால் மட்டும் கடனாளி செலுத்தும் வீதம் நேர்மையானதாகிவிடாது என்னும் உண்மை இங்குப் புலனாகின்றது.

இதனை அன்றைய அரசும் ஓரளவு உணர்ந்திருந்தது. 1911 இல் ஐக்கிய நாணய சங்கங்களுக்கான சட்டம் இயற்றப்பட்டது. 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் கொடுத்தற் சட்டம், அளவிறந்த வட்டி அறவிடப்பட்ட கடன்களை நீதிமன்றம் மீள ஆராய்வதற்கு இடமளித்தது. இவ்விரண்டும் தாக்க முனைந்தது அடிப்படை வட்டியையன்று. அதன்மேல் ஏறிய மேலதிகத்தையே என்பது கவனிக்கற்பாலது.

முறிவும் மாற்றமும்

1925 ஆம் ஆண்டிற் கொழும்பில் ஒரு பெருஞ் செட்டியார் நிறுவனம் முறிந்தது. சராப்பின் சொல்லை நம்பிப் பணம் கொடுத்த வங்கிகள் அச்சங்கொண்டு, செட்டியார்களுக்கு அளித்து வந்த கடனைச் சுருக்கலாயின. நான்கு ஆண்டுகளில் உலகப் பெருமந்தம் தொடர்ந்தது. தேயிலை, இறப்பர், கொப்பரா ஆகியவற்றின் விலைகள் வீழ்ந்தன. செட்டியார்கள் தம் கடன்களை மீளக் கேட்டனர். செலுத்த இயலாதோரின் தோட்டங்களும் வயல்களும் கைமாறின. கடனாளிகளின் கோபம் செட்டியார்மேற் பாய்ந்தது. பணம் மேலிருந்தே இறுக்கப்பட்டதென்பதையும், செட்டியார் அச்சங்கிலியின் நடுக்கண்ணியே என்பதையும் பலர் காணவில்லை. வங்கி செட்டியாரை இறுக்கிற்று, செட்டியார் கமக்காரனை இறுக்கினார், கமக்காரனுக்கோ இறுக்குவதற்கு எவரும் இருக்கவில்லை.

இந்நிலையிலேயே சேர் சொராப்ஜி போச்கானாவாலா தலைமையில் இலங்கை வங்கி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1934 இல் வெளிவந்த அதன் அறிக்கை, இந்நாட்டவருக்குக் கடன் வழங்கக்கூடிய, அரசின் ஆதரவு பெற்ற ஒரு வங்கியின் தேவையை வலியுறுத்தியது. அதன் பயனாக 1939 இல் இலங்கை வங்கி தோன்றிற்று. செட்டியார்களின் முதலீடு படிப்படியாக வெளியேற, நடப்பு வட்டியும் இந்நாட்டுக் கடன் வாழ்விலிருந்து மறைந்தது.

மத்திய வங்கியின் வீதம்

சுதந்திரத்தின் பின், 1949 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்க நாணய விதிச் சட்டத்தின்கீழ், 1950 ஆகஸ்ட் 28 இல் இலங்கை மத்திய வங்கி இயங்கத் தொடங்கியது. ஜோன் எக்ஸ்ரர் அதன் முதல் ஆளுநராவார். வர்த்தக வங்கிகள் பணமுடை நேரத்தில் மத்திய வங்கியிடம் பெறும் கடனுக்குரிய வட்டியே 'வங்கி வீதம்' ஆகும். தொடக்கத்தில் அது 2½ வீதமாயிருந்தது. கோயில் அவையின் இடத்தில் இப்பொழுது அரசின் நிறுவனம் ஒன்று அமர்ந்தது எனலாம்.

ஆயினும் வங்கி வீதம் நீண்டகாலம் வலுவற்ற அளவுகோலாகவே இருந்தது. கொரிய யுத்த காலத்து ஏற்றுமதிப் பெருக்கத்தினால் வர்த்தக வங்கிகளிடம் பணம் நிறைந்திருந்தது. மத்திய வங்கியிடம் கையேந்தாத வங்கிக்கு அதன் வீதம் ஒரு செய்தியேயன்றிக் கட்டளையன்று. செட்டியாரின் நடப்பு வட்டியோ எனின், நாள்தோறும் புழங்கிய பணத்தின் விலையாயிருந்தது. எவரும் கொள்ளாத பண்டத்தின் விலை சந்தையை ஆள்வதில்லை.

1961 இல் இலங்கை வங்கி அரசுடைமையாக்கப்பட்டு, மக்கள் வங்கியும் தோற்றுவிக்கப்பட்டது. கிராமத்தவரின் நகைகள் தனியார் அடைவு கடைகளிலிருந்து வங்கியின் பெட்டகத்துக்கு மாறத் தொடங்கின. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது வங்கி வீதம் 10 வீதமாக உயர்ந்தது. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்பு வட்டிகளும் பெரிதும் உயர்த்தப்பட்டன. வைப்பாளரை இழக்க விரும்பாத ஏனைய வங்கிகள் அவற்றைப் பின்பற்றவே, கடன் வட்டியும் ஏறியது. 1993 இன் பின் மத்திய வங்கி மீள்கொள்வனவு வீதங்களின் வாயிலாக நாள்தோறும் பணச் சந்தையில் இறங்கிற்று. இன்றைய நிலையில், 2024 நவம்பரில் அறிமுகமான ஓரிரவுக் கொள்கை வீதமே அதன் தலையாய வீதமாகும். அறிமுகமானபோது அது 8 வீதமாக வைக்கப்பட்டது.

முதன்மை வீதம்

மத்திய வங்கியின் வீதம் வங்கிகளுக்குரியது. வாடிக்கையாளரின் கடனுக்கு அளவுகோலாக விளங்குவது சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன் வழங்கல் வீதமாகும். வர்த்தக வங்கிகள் தம் மிகச் சிறந்த வாடிக்கையாளருக்கு ஒரு வாரத்தில் வழங்கிய குறுங்காலக் கடன்களின் வட்டிகளை மத்திய வங்கிக்கு அறிவிக்கின்றன. ஒவ்வொரு கடனின் தொகைக்கேற்ப நிறையளித்துச் சராசரி கணிக்கப்பட்டு வாரந்தோறும் வெளியிடப்படுகின்றது. 5 வீதத்தில் நூறு கோடியும் 15 வீதத்தில் ஒரு கோடியும் வழங்கப்பட்டிருப்பின், சராசரி 10 வீதமாகாது. 5 வீதத்தை ஒட்டியே நிற்கும்.

உண்மையாக நிகழ்ந்த கடன்களிலிருந்து பிறப்பது இதன் நற்பண்பாகும். இப்பண்பின் அருமையை இலண்டன் அனுபவம் உணர்த்துகின்றது. பல நாடுகளின் கடன்களுக்கு அடிப்படையாயிருந்த இலண்டன் வங்கியிடை வீதம், 1986 முதல் பிரித்தானிய வங்கியாளர் சங்கத்தின் பெயரில் வெளியிடப்பட்டது. தாம் எவ்வட்டிக்குக் கடன் பெற இயலும் எனச் சில வங்கிகள் கூறும் மதிப்பீட்டிலிருந்தே அது கணிக்கப்பட்டது. சொன்ன வட்டிக்குக் கடன் கொள்ள வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இருக்கவில்லை. தம் இலாபத்துக்கேற்ப வங்கியாளர் சிலர் அம்மதிப்பீடுகளை வளைத்தமை 2012 இல் வெளிப்பட்டு, பார்க்லேஸ் முதலிய வங்கிகள் பெருந் தண்டம் இறுத்தன. டொலருக்குரிய அவ்வீதம் 2023 ஜூன் 30 உடன் முடிவுற்றது. இலங்கையில் அதனையொத்த வங்கியிடை வீதமும் 2020 இற் கைவிடப்பட்டது. சொன்ன வட்டியே தம் பேரேட்டில் ஏறும் என அறிந்திருந்த செட்டியார் அவைக்கும், சொல்லிவிட்டு விலகி நின்ற இலண்டன் முறைக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

எனினும் நம் முதன்மை வீதத்திலும் பழைய குறை தொடர்கின்றது. அதன் கணிப்பிற் சேர்வோர் முதன்மை வாடிக்கையாளராகிய பெருங் கம்பனிகளே. வீடு கட்டக் கடன் பெற்ற ஆசிரியரும், முச்சக்கர வண்டிக்குக் கடன் பெற்ற இளைஞரும் அச்சராசரியில் எண்ணப்படுவதில்லை. ஆயின் அவ்வீதம் ஏறும்போது, அதனோடு பிணைக்கப்பட்ட அவர்களது கடனும் ஏறும்.

2022 இல் இந்நாடு இதனைக் கண்கூடாகக் கண்டது. பணவீக்கத்தையும் அந்நியச் செலாவணி நெருக்கடியையும் எதிர்கொள்ள, மத்திய வங்கி அவ்வாண்டு ஏப்ரல் 8 இல் தன் துணைநில் கடன்வழங்கல் வசதி வீதத்தை 7.5 இலிருந்து 14.5 வீதத்துக்கு ஒரே தடவையில் உயர்த்தியது. 2021 இறுதியில் 9 வீதத்துக்குக் கீழிருந்த முதன்மை வீதம், 2022 இறுதியளவில் 27 வீதத்தையும் கடந்தது. முதன்மை வீதத்தோடு இரண்டு வீதம் என எழுதிக் கொடுத்துப் பத்து இலட்சம் ரூபா பெற்ற ஒருவரை நினைப்போம். முதன்மை வீதம் 9 ஆக இருந்தபோது ஆண்டு வட்டி ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா. அது 27 ஆனபோது இரண்டு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் ரூபா. அவரது சம்பளமோ உடன்படிக்கையில் எழுதப்பட்ட எவ்வீதத்தோடும் பிணைக்கப்பட்டிருக்கவில்லை.

2023 இற் கொள்கை வீதங்கள் குறைக்கப்பட்டபோது கடன் வட்டிகள் அதே வேகத்தில் இறங்கவில்லை. ஆகவே அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மத்திய வங்கி, நகை அடைவுக்கு 18 வீதம், முன்னேற்பாடு செய்யப்பட்ட மேலதிகப் பற்றுக்கு 23 வீதம், கடனட்டைக்கு 28 வீதம் என உச்ச வரம்புகளை விதித்தது. 1918 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போன்று இதுவும் அடிப்படை வீதத்தையன்றி, கடனாளியின் வாசலில் வந்து நிற்கும் வீதத்தையே நோக்கியது. நூறாண்டுகளின் பின்னும் அரசு அதே இடத்திற் தலையிட நேர்ந்தமை சிந்திக்கற்பாலது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், அடிப்படை வட்டியை வகுக்கும் இடம் கோயில் மண்டபத்திலிருந்து மத்திய வங்கிக்கு மாறியுள்ளது. கணிக்கும் முறை திருந்தியுள்ளது. முன்னர் செட்டியார் மட்டும் அறிந்திருந்த வீதத்தை இன்று எவரும் அறியலாம். இவை மெய்யான முன்னேற்றங்களே. மாறாதது, வகுக்கும் அவைக்குள் இருப்போருக்கும் வெளியே நிற்போருக்கும் உள்ள இடைவெளியாகும். அவையில் இருப்போர் தமக்குள் நேர்மையாக நடந்துகொள்வர். இல்லையேல் அவ்வவையே நிலைக்காது. வெளியே நிற்பவருக்கு அத்தகைய காப்பு இல்லை.

ஆகவே கடன் உடன்படிக்கையைக் கையில் எடுக்கும் ஒருவர் முதலில் நோக்க வேண்டியது அடிப்படை வீதத்தையன்று. அதன்மேற் சேர்க்கப்படும் மேலதிகம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கொருமுறை அது திருத்தப்படும், ஏற்றத்துக்கு ஓர் எல்லை உண்டா, அடிப்படை வீதம் இறங்கினால் தம் வட்டியும் இறங்குமா என்பவற்றையே அவர் வினவ வேண்டும். செட்டியார் தெருவில் உறுதிச் சீட்டிற் கையொப்பமிட்ட அன்றைய கமக்காரருக்கு இவ்வினாக்களை எழுப்பும் வாய்ப்பும் இருக்கவில்லை. எழுப்பினாலும் விடை பகரும் கடப்பாடு எவருக்கும் இருக்கவில்லை. இன்று வினவலாம், விடையை எழுத்திற் கேட்டும் பெறலாம். படித்தோர் தம் ஊராருக்கு இதனை எடுத்துரைப்பாராயின், அவைக்கு வெளியே நிற்போரின் குரலும் அவையைச் சென்றடைய ஒரு வழி பிறக்கும்.